புலிக்குள் இருக்கும் தாத்தாவுக்குப் படையல்

செமோர்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த சுகுமாரன் அண்ணன் அவர்களுக்கு, தம்பி தர்மா வணங்கி எழுதுவது. இங்கே நானும் கலாதேவியும் பிள்ளைகளும் சுகம். தாப்பாவில் தங்கள் முட்டி வலியும் அண்ணியின் கோபமும் சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அதில் எழுதினால் அண்ணி அரை மணி நேரத்தில் குடும்ப குரூப்பில் போட்டுவிடுவார். மாப்பிள்ளை வீட்டாரும் இப்போது அந்த குரூப்பில்தான் இருக்கிறார்கள்.

விஷயம் மகள் தினேஸ்வரியின் கல்யாணம். தைப்பிங் பையன் ஷர்வினுக்குப் பேசி முடித்த நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணுக்கு டெங்கி. மண்டபம் பிடித்தால், அதே நாளில் இன்னொரு கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகை அச்சாகி வந்தது, மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது. மனசு கேட்காமல் கோயிலில் குறி சொல்லும் மாரியம்மாவிடம் போனேன். அந்தம்மா வேப்பிலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "ஒங்க வீட்டுப் பெரியவரு ஒருத்தரு பசியோட குறுக்க நிக்கிறாரு. அவரு இருக்கிற எடத்துலயே எல போட்டுச் சோறு வைங்க. இல்லன்னா கல்யாணம் நடக்காதுலா" என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை அண்ணே.

பசியோடு நிற்கிறவர் வேறு யார்? நம் தாத்தா பத்துமலைதான். தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனவரைப் புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு செருப்பும் தலைத்துண்டும்தான் கிடைத்தன. மறுவாரம் துரை அந்தப் புலியைச் சுட்டு, பாடம் பண்ணி, தைப்பிங் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்போது நாலு வயதுப் பிள்ளையாக இருந்த நம் அப்பா, சாகும்வரை புலிப் படம் போட்ட தைலத்தைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. தலைவலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நாமும் வருஷா வருஷம் வீட்டில்தானே தாத்தாவுக்குப் படையல் போட்டோம்? அட, வீட்டில் அவர் எங்கே இருக்கிறார்! புலிக்குள் அல்லவா இருக்கிறார்! ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மியூசியத்துக்குப் போகிறோம்.

முறையாக ஃபோன் போட்டுச் சாப்பாடு கொண்டு வரலாமா என்று கேட்டேன். "மாக்கான் தா போலே, என்சே", அதாவது உள்ளே சாப்பிடக் கூடாது ஐயா, என்றாள் ஒரு மலாய்ப் பெண். சாப்பிடப்போவது நாங்கள் இல்லை, புலிக்குள் இருக்கிறவர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அப்புறம் ரொம்ப மரியாதையாக, வீட்டில் வேறு யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றாள். சரி, கேட்டால்தானே வம்பு, கேட்காமலே போவோம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆட்டுக்கறிப் பிரட்டல் கலாதேவியின் கைப்பையில், கள்ளு பிளாஸ்க்கில், சூடம் கொளுத்தினால் அபாய மணி அடித்துவிடும் என்பதால் பேட்டரி மெழுகுவர்த்தி. மகன் தனேஸ்வரன் யானை எலும்புக்கூடு பக்கம் போய், இது ஆணா பெண்ணா என்று ஆரம்பித்துக் காவலாளியை இருபத்திரண்டு கேள்விகள் கேட்பான். இலையைப் புலியின் வாய்ப்பக்கம் போடுவதா வால்பக்கம் போடுவதா என்று எனக்கும் கலாதேவிக்கும் மூன்று நாள் சண்டை. உள்ளே போன வழி வாய்தானே, அதனால் வாய்ப்பக்கம் என்று தீர்த்துவிட்டேன். சோறு வைக்க வேண்டியவர் தாங்கள். தாத்தாவைப் போலவே வலது கையில் ஆறு விரல் உள்ளவர் நம் குடும்பத்தில் தாங்கள் ஒருவர்தான். அந்தக் கையைப் பார்த்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும். வேனையும் கொண்டு வாருங்கள், பதினான்கு பேர் இருக்கிறோம்.

ஒரே ஒரு தொல்லை. மாப்பிள்ளை வீட்டில் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். ஷர்வினின் அப்பாயி ராக்காயி அம்மா தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சின்ன வயதில் அவருடைய அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போவாராம். அவர் கண்ணில் மண்ணைத் தூவுவது கலாதேவியின் பொறுப்பு.

அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. புலிக்குள் இருந்தபடியே தாத்தா நம் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
தர்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ராக்காயி அம்மா இங்கே வந்துவிட்டார். பழைய படம் ஒன்றை நீட்டினார். அறுபத்தைந்தாம் வருஷம் அதே மியூசியத்தில் எடுத்தது. பாவாடை கட்டிய பத்து வயதுப் பிள்ளையாக அவர், பக்கத்தில் அவர் அப்பா, பின்னால் நம் புலி. அப்பாக்காரர் புலி இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். விரலை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஆறு.

"ஒங்க அப்பா பேரு என்னாங்கம்மா?"

"பத்துமல, தம்பி. வருசா வருசம் வந்து இந்தப் புலிக்கு ஒரு கும்புடு போடுவாரு. இவரு இல்லன்னா எனக்கு ரெண்டாவது வாழ்க்கையே இல்லன்னுவாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு."

அடப்பாவி தாத்தா! ராக்காயி அம்மா நமக்குச் சொந்த அத்தை அண்ணே. ஷர்வின் எனக்கு முறைப்படியே மருமகன். இதைக் கேட்டுத் தினேஸ்வரி சிரித்துச் சிரித்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். படையல் மியூசியத்தில் இல்லை, எங்கள் வீட்டில், நம் அப்பாவுக்கு. பசியோடு குறுக்கே நின்றவர் அவர்தான், தாத்தாவுக்குப் பசியெல்லாம் இருந்திருக்காது. அது முடிந்ததும் தைப்பிங் போய், எழுபது வருஷத்துக்கு மேலாக நாம் திட்டிய புலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம். அப்பாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வரும் வழியில் புலித் தைலம் ஒரு டப்பா வாங்கி வாருங்கள், அவர் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்.