வேறு நிறச் சட்டை

பெண்கள் கால்பந்தின் நாற்பதாம் ஆண்டை முன்னிட்டு, முதல் தேசிய அணியின் பதினொரு பேரையும் தலைநகர் லுசாக்காவின் மைதானச் சுவரில் பித்தளைத் தகட்டில் பொறிப்பதென்று விளையாட்டு நினைவுக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. வெளியான பட்டியலில் பத்துப் பெயர்கள் இருந்தன.

விட்டுப்போனவள் நாமுகோலோ. அந்த அணியின் கோல்கீப்பர். நகரின் ஓரத்திலிருந்த மட்டேரோ குடியிருப்பிலிருந்து மினிபஸ் பிடித்துக் குழு அலுவலகத்துக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: சுவரில் தன் பெயர்.

குமாஸ்தா கபாசோ பழைய குழுப் படத்தை எடுத்துப் போட்டார்.

"பாருங்கம்மா. பத்துப் பேர் பச்சைச் சட்டை. நீங்க மட்டும் ஆரஞ்சு. எதிரணி என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்போ நீங்க அவங்க ஆளும் இல்லை. மைதானத்துக்குள்ளே நுழைஞ்ச வெளியாள்."

"தம்பி, கோல்கீப்பர் வேற நிறம்தான் போடணும்!"

"ஒன்பது தடவை பந்தைக் கையாலே பிடிச்சதாவும் பதிவாகியிருக்கு. மேலிடம் பெரிய மனசு பண்ணி நடவடிக்கை எடுக்கலை."

அன்றைய ஆட்டத்தில் உடைந்து கோணிப்போன சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். கபாசோ அதைக் கனிவோடு பார்த்தார்.

"விரலுக்குச் சான்றிதழ் இருக்கா?"

இல்லை. கடைசியில் அவரே இரங்கி ஒரு வழி சொன்னார். "சனிக்கிழமை திறப்பு விழாவுக்குப் பச்சையிலே வாங்க. தலைவர் நேர்ல பார்த்துத் திருப்தியடைஞ்சா, பேரைச் சேர்த்துடலாம்."

எதிர்வீட்டு பானா மும்பி ஒரே நாளில் பச்சைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். ஊரே அந்த வாரம் உடம்பில் சுற்றிக்கொள்ளும் பச்சை சிட்டெங்கே அச்சுத் துணிக்கு மாறியிருந்தது. துணி முழுக்கப் பத்து முகங்கள். முதுகிலும் இடுப்பிலும் தன் தோழிகள் நடந்துபோவதை நாமுகோலோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விழா மேடையில் தலைவர் சிமுசோக்வே நின்றார். கோல்காப்பு நிர்வாகம் குறித்து வெளிநாட்டில் பத்து நாள் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அங்கே இந்த ஆண்டு ஆரஞ்சுக் கோட்டுதான் நாகரிகமாம், அதைத்தான் அணிந்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோல்கீப்பர்ங்கிறீங்க, பச்சை போட்டிருக்கீங்க? கோல்கீப்பர் வேற நிறம் போடணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உடனே படம் எடுக்கப்பட்டது.

மறுநாள் நாளிதழில் அந்தப் படம் வந்தது. பச்சைக் கூட்டத்தின் நடுவே ஒரே ஓர் ஆரஞ்சு. கீழே, 'முதல் பெண்கள் அணியின் கோல்கீப்பர் சிமுசோகே.' தலைவர் பிழையைச் சுட்டிக்காட்டி உடனடியாகக் கடிதம் எழுதினார். தம் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று. புதன்கிழமை பித்தளையில் பதினோராவது பெயர், எழுத்துப்பிழை இல்லாமல் ஏறியது.

பானா மும்பி நாளிதழோடு ஓடிவந்தாள்.

"ஏடி நாமு, பார்த்தியா நம்ம கோல்கீப்பரை!"

"அது பெண்கள் அணிடி."

"அதனாலென்ன, பேப்பர்லே போட்டிருக்கே! அன்னிக்கு ஆட்டத்துக்கு நானும்தான் போயிருந்தேன். மனுஷர் என்னமாத் தடுத்தார்!"