எழுபது கோடி வருஷம் பிந்தி வந்த செம்பு

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

நிற்க. "கல்லைப் பொடி பண்றதுக்கா இத்தனை படிப்பு?" என்று போன தடவை என் மகளைப் பற்றிக் கேட்டாயே அக்கா, பதில் வந்துவிட்டது. அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சுரங்கக் கம்பெனி கல் அனுப்பியிருந்தது. பாறை நடுவே துளை மேல் துளை போட்டும் ஒரு மெல்லிய கீற்றுக்கு மேல் செம்பு அகப்படாமல், ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிலையில் இருந்தார்கள். இவள் கல்லை இடித்துச் சலித்து, குருணையிலும் குருணையான மணிகளைப் பொறுக்கினாள். அந்த மணிக்குள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிறதாம், அதை அளந்தால் வயசு தெரிந்துவிடுமாம். நம் குடும்பத்தில் மனுஷர்கள்கூட உண்மை வயசு சொன்னதில்லை, கல் சொல்கிறது! பாறைக்கு இருநூற்றைம்பது கோடி வருஷம், செம்புக் கீற்றுக்கு நூற்றெண்பது கோடிதான். அதாவது பாறை உறைந்து நெடுங்காலம் கழித்து நிலம் பிளந்து, அந்த வெடிப்பு வழியாக வெந்நீர் செம்பைச் சுமந்து ஏறியிருக்கிறது. துளையை வெடிப்போரம் போடுங்கள் என்றாள். அவள் மேலதிகாரி, மெஷின் கோளாறு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

அவர் எதிரிலேயே மறுபடி அளக்கும்போது, சாப்பாடு கொண்டுபோன நான் அசதியாகச் சுவரில் சாய்ந்தேன். முதுகு ஸ்விட்சில் பட்டு மெஷின் அப்படியே மூச்சை நிறுத்தியது. அவர் பார்த்த பார்வையில் நானே ஈயமாகியிருப்பேன். இவள் திட்டவில்லை. "அப்பா, வெளிய போய் உக்காருங்க" என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மேலதிகாரியே வெளியே வந்தார். "முதல்லேருந்து ஓட்டியும் அதே வயசுதான் சார் வருது. உங்க பொண்ணு சொன்ன இடத்துலதான் துளை போடச் சொல்லப்போறேன்" என்றார். போட்டார்கள். செம்பு வந்தது. ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் மட்டும் சாயாமல் இருந்திருந்தால் அவருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்குமா, நீயே சொல். தெருவில் மார்பு நிமிர்த்தித்தான் நடக்கிறேன், முழங்கால் வலித்தாலும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். ஊரெல்லாம் சொல்லு.

உன் தம்பி

பி.கு.: மகள் இப்போதுதான் வந்து படித்தாள். கம்பெனி அறிவிக்கும்வரை செம்பு விஷயம் வெளியே மூச்சுவிடக் கூடாதாம். ஆகவே நான் எதுவும் எழுதவில்லை, நீயும் எதுவும் படிக்கவில்லை. நேற்றே விஷயத்தைச் சொல்லிவிட்ட முடிதிருத்துபவர், பால்காரர், பல் டாக்டர் மூவரிடமும் இதையே சொல்லிவரக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.