ஷெட்டுக்குள் கியர் மாற்றும் வண்டி

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அத்தை நலம், நான் அப்படியில்லை. போனில் சொன்னால் பக்கத்திலிருக்கும் மகள் காதில் விழும், நிறைமாதக்காரி பயந்துவிடக் கூடாது என்றுதான் உங்கள் அலுவலக விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் வேறு வண்டி வாங்கிக்கொண்டு, பழைய ஆட்டோமேட்டிக் காரை எனக்குக் கொடுத்தது உங்கள் பெரிய மனசு. ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகி, கியர்பாக்ஸ் என்ன செய்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க என் போனில் ஒரு ஆப்பும் ஏற்றினீர்கள். "என் வண்டிலயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கேன் மாமா. இந்தப் பக்கத்தைப் பாத்துக்குங்க, வேற எதையும் தொட்டுடாதீங்க" என்றீர்கள். தொடவில்லை. நீங்கள் திறந்து வைத்த அதே பக்கத்தைத்தான் மூன்று வாரமாகப் பார்த்துவருகிறேன்.

முதல் நாள் காலை எட்டேகால் மணிக்கு, வண்டி ஷெட்டில், சாவி என் சட்டைப்பையில், போனில் பார்த்தால் கியர் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன், வண்டி ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. மறுபடி போனைப் பார்த்தால் ரிவர்ஸ்! வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தவன் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அன்றே நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன், அப்படியும் அடங்கவில்லை. தினமும் எட்டேகாலுக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு ஓய்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கிளம்புகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணிவரை தூங்குகிறது. முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்த எனக்கே இந்த ஒழுங்கு வந்ததில்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமையிலிருந்து சிவப்பு எழுத்தில், கியர் வழுக்குகிறது, கியர் ஆயில் சூடு நூற்றிருபத்தெட்டு டிகிரி என்று காட்டுகிறது. வண்டியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. உள்காய்ச்சல் என்று முடிவுசெய்து, போர்வையை நனைத்து மேலே போர்த்தினேன். உங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஒரு கர்சீப்பாவது நனைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

என் பயமெல்லாம் ஒன்றுதான் மாப்பிள்ளை. வேலை விஷயமாக நீங்கள் வெளியூர் போவதால் திங்கட்கிழமை மகளை இங்கே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னீர்கள். வலி எடுத்தால் நான்தான் இந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வழியில் பெரிய மேம்பாலம். அதன் உச்சியில் கியர் வழுக்கி, வண்டி நின்று, மகள் பின்சீட்டில் "அப்பா"ன்னு கத்தினா நான் என்ன பண்ணுவேன்? பால் கடைவரைக்கும் போய்த் திரும்பியதைத் தவிர நான் எங்கேயும் ஓட்டியதில்லை, அதுவும் வேகம் இருபதைத் தாண்டியதில்லை. ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வெளியூர் வேலையைத் தள்ளிப்போட்டு, மகளை அங்கேயே வைத்துக்கொண்டு, உங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் வண்டி என்றால் எனக்குக் கவலையே இல்லை.

மகளுக்கு என் ஆசிகளும், இன்னும் முகம் காட்டாத பேரப்பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு முத்தமும்.

இப்படிக்கு,
பயத்தோடு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் சமயத்தில், நான் வரச் சொல்லியிருந்த தெருமுனை மெக்கானிக் வந்தார். தன் ஸ்கேனரை நம் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். அப்புறம் என் போனை வாங்கி விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். இன்னொரு பக்கம் வந்தது. அதில்தான் நம் வண்டி, பார்க்கிங் கியரில், முப்பத்தொரு டிகிரியில் நிம்மதியாக இருக்கிறது. "ரெண்டு வண்டியும் ஒரே ஆப்புல இருக்கு. மூணு வாரமா நீங்க பாத்தது உங்க மாப்பிள்ளை வண்டிய சார். எட்டேகாலுக்கு ஆபீஸ் போறாரு, அவ்ளோதான். ஆனா அந்த கியர்பாக்ஸ் தாங்காது, இன்னிக்கோ நாளைக்கோ நடுரோட்டுல நின்னுடும்" என்றார்.

மேலே நான் கேட்டதில் ஒன்றைக்கூடச் செய்ய வேண்டாம். மகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் என்று அத்தை இப்போதுதான் போனில் சொன்னாள், மகள் காதில் விழக் கூடாதென்று காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் குழம்பியிருப்பீர்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கொண்டுவந்து உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். செங்கல்லை எடுத்துவிட்டேன். நூற்றுநாற்பது கிலோமீட்டர், இருபதில் வந்தால் ஏழு மணிநேரம். பக்கத்தில் அத்தை போனைப் பார்த்துக்கொண்டு வருவாள், இந்தத் தடவை சரியான பக்கத்தை. பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வழியெல்லாம் பயந்துகொண்டேதான் வருவேன். மகளைப் பையைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். அப்பா வண்டி எடுத்துவிட்டான்.