கிணற்றுக்குள் வைத்த வணக்கம்

யார் எனக்கு வணக்கம் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று எண்ணி வைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் தேறியது எத்தனை, உடைந்தது எத்தனை என்று எண்ணியே ஓய்வு பெற்றவன். மகன் கல்யாணத்தில் பெண்வீட்டார் பதினொரு பேர் என்னைக் கும்பிடாமலே பந்திக்குப் போனார்கள். (பன்னிரண்டாவதாகப் போனவர் சமையல்காரர் என்று தெரிந்ததும் கழித்துவிட்டேன்.) இதை ஆறு வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தேழு வயதில் முழங்கால் மக்கர் செய்தது. "தெனமும் நீச்சல் அடிங்க. இல்லன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். ஆபரேஷன் என்று கேட்டாலே எனக்கு வேர்த்துவிடும். நீச்சலோ சுத்தமாகத் தெரியாது. வீட்டில் தெரிந்த ஒரே ஆள் மருமகள் செல்வி. வேப்பூர் பக்கம் அவள் அப்பாவின் வயல் கிணற்றில் குதித்து வளர்ந்தவள்.

ஆனால் மாமனாரை மருமகள் தொட்டுச் சொல்லித்தர முடியுமா? அதே கிணற்றில், அவள் தள்ளிப் படியில் நின்று சொல்ல, நான் காலி எண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"என்ன ஆனாலும் கேன மட்டும் வுட்டுடாதீங்க மாமா."

"எத்தனை நிமிஷம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

பதினேழாவது உதையில் மேலே பேச்சுக்குரல். நிமிர்ந்தால், கிணற்றைச் சுற்றிச் சம்பந்தியும் அவர் உறவுக்காரர்களும். எண்ணினேன். அதே பதினொரு பேர்.

"கல்யாணத்துல வுட்டுப்போச்சுன்னு வருத்தப்பட்டீங்களாமே. அதான் எல்லாரையும் கையோட கூட்டியாந்தேன். வணக்கம் சம்பந்தி."

இருபத்திரண்டு கைகள் குவிந்தன. ஆறு வருடம் காத்திருந்த வணக்கம். பதில் வைக்காமல் இருப்பேனா? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

கேன் ஒரு பக்கம் போனது, நான் கீழே போனேன். (மூழ்கும்போதும் கூப்பிய கையைப் பிரிக்கவில்லையாம். மேலே நின்றவர்களின் சாட்சியம்.) செல்வி சுடிதாரோடு குதித்து, என் தலையில் மிச்சமிருந்த முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து படியில் போட்டாள்.

"காபி கொண்டாரட்டுங்களா?" என்று மேலிருந்து கவலையோடு கேட்டார் சம்பந்தியம்மா.

"வுடாதீங்கன்னு சொன்னனா இல்லையா மாமா?"

"மரியாதைக்குத்தாம்மா..." என்று இருமினேன்.

"தண்ணிக்கு மரியாதை தெரியாது. இனிமே எனக்கும் தெரியாது" என்றவள், என் தாடையைப் பிடித்து மறுபடியும் தண்ணீருக்குள் இழுத்தாள்.

அப்படித்தான் நீச்சல் வந்தது. ஆபரேஷனும் தப்பியது.

போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் நின்று, வந்தவர்களை வரவேற்க இரண்டு கையையும் கூப்பினேன். பின்னாலிருந்து சம்பந்தி நிதானமாகக் கூப்பிட்டார்:

"செல்வி, உம் மாமனாரு கைய எடுத்துட்டாரு. ஓடியா, முடியப் புடி."