நாற்பத்தைந்து சதவீத மனிதர்

வீட்டிலேயே கிட்டார் செய்பவர் என்று ஓர் இனம் உண்டு. கிட்டாரை வைத்து இவரை அடையாளம் காண முடியாது. பெரும்பாலும் கிட்டார் இருக்காது. அவர் வீட்டாரைப் பாருங்கள். ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிற, கெண்டியின் மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிற, குளித்துவிட்டுக் குளியலறைக் கதவை அரை அடி மட்டும் திறந்து அதன் வழியே பக்கவாட்டில் நழுவி வெளியே வருகிற ஒரு குடும்பம் கண்ணில் பட்டால், உள்ளே எங்கோ ஒரு மரப்பலகை காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஜப்பானில், மாட்சுமோட்டோவில், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரான குவாபாரா இந்த இனத்தின் நல்ல மாதிரி. நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார். இப்போது தன் வீட்டுக்குள் அதை விடுவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் செய்த முதல் கிட்டாரை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் பசை போட்டு ஒட்டினார். ஐந்து மாதம் கழித்து, புத்தாண்டு அன்று, எல்லாரும் மோச்சி என்கிற அரிசிப் பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, குளிரில் காய்ந்து சுருங்கிய மேற்பலகை டப்பென்று பிளந்தது. அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் ஒரே எண்தான் உண்டு. காற்றில் ஈரம் நாற்பத்தைந்து சதவீதம். கூடினால் பலகை உப்பும், குறைந்தால் வெடிக்கும். நடுவில் நாம் வாழ வேண்டும்.

அந்த எண்ணைக் காட்ட ஓர் ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம், வட்ட முகம், பித்தளை விளிம்பு. அதை உப்புப் பையில் போட்டு மூடி ஒரு வாரம் வைத்து, முள்ளைத் திருத்தி, மறுபடி ஒரு வாரம் வைத்துச் சரிபார்த்தவர். கடையில் இருக்கிற மற்றதெல்லாம் மூன்று சதவீதம் பொய் சொல்லும் என்பார். கேட்டால் அவை ஒவ்வொன்றின் பொய்யையும் தனித்தனியாகச் சொல்லுவார். யாரும் கேட்டதில்லை.

மகள் மினோரி வேலைக்காக நகோயா போன மறுநாள் அவள் அறை பட்டறை ஆனது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அங்கே இரவு பகலாக ஓடியது. வீட்டிலேயே மிகச் சுகமான அறை அதுதான். பலகைகள் அங்கே படுத்தன. மனைவி சுமியே துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு காசு போட்டு உலர்த்தும் கடைக்குப் போனார். ரைஸ் குக்கர் வாசல் நடைக்குக் குடிபெயர்ந்தது, செருப்புகளுக்குப் பக்கத்தில். நாபே நின்றுபோனது. மேசை நடுவில் அடுப்பு வைத்து, சட்டி கொதிக்கக் கொதிக்கச் சுற்றி உட்கார்ந்து தின்கிற சாப்பாடு. அதில் பாதி ஆவிதானே? ஆறு குளிர்காலம், மாட்சுமோட்டோக் குளிர்காலம், அந்த வீட்டில் நாபே இல்லை.

சுமியே சண்டை போட்டாரா? இல்லை. "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்பார். "நாற்பத்தொம்பது." "அப்போ சூப் வேண்டாம்." அவ்வளவுதான்.

அக்டோபரில் மினோரிக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை கிட்டார் வாசிப்பவர். அப்பா செய்கிற கிட்டாரைத்தான் விருந்தில் வாசிக்கப் போகிறார் என்று மினோரி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஜூன் மழைக்காலம் தொடங்குமுன் பின்பலகையை ஒட்டிப் பெட்டியை மூடிவிட்டால், கழுத்து, பூச்சு, கம்பி எல்லாம் அக்டோபருக்குள் முடியும். தவறினால் அடுத்த வறண்ட காலம் நவம்பரில்தான். கல்யாணம் நவம்பர் வரை காத்திருக்காது.

மே முழுக்க எண் இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு. ஐம்பது. ஜூன் முதல் வாரம் மினோரி ஊருக்கு வந்தாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறைக்கதவைத் திறந்தாள்.

"தலையைத் துவட்டிட்டு வாம்மா!"

"இது என் ரூம்ப்பா."

"இன்னைக்கு நாற்பத்தெட்டு."

"எனக்கு இருபத்தொம்பது ஆகுது. அதை என்னைக்காவது பார்த்தீங்களா?"

குவாபாரா யோசித்துவிட்டு, "கதவைச் சாத்திட்டுப் பேசு" என்றார்.

மூன்று நாளில் மழை என்று வானொலி சொன்ன காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் நம்பாமல் ஈரப்பதமானியை அதன் உள்ளே படுக்க வைத்து, நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முள் நகர்ந்தது.

"நாற்பத்தஞ்சு! இப்போதான்! சுமியே, பசை! தம்பி, மூங்கில்! மினோரி, மூச்சு விடாதே!"

பசை இறுகுவதற்குள் எல்லாம் நடக்க வேண்டும். அவர் பின்பலகையை இறக்கினார், கண் விளிம்பின் மேல். நாங்கள் முப்பது மூங்கில் குச்சிகளை வில்லாக வளைத்துப் பலகைக்கும் அதற்கு மேலே பொருத்தியிருந்த தட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தோம். கச்சிதம். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் சிரித்தார். பிறகு எண்ணைப் பார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

குச்சிகளை மறுநாள் எடுத்தோம். பெட்டியைச் சாய்த்தார். டொக். மறுபக்கம் சாய்த்தார். டொக். முன்பக்க ஒலித்துளையின் அகலம் பத்து சென்டிமீட்டர். ஈரப்பதமானி பன்னிரண்டு.

"பிரிச்சிடறேன்" என்றார் குவாபாரா. ஒருவர் தன் உயிரைப் பிரிப்பதைப் பற்றி இவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பிரிச்சா மறுபடி எப்போப்பா ஒட்டுவீங்க?"

"நவம்பர்."

மினோரி டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்தாள். "உள்ளே நாற்பத்தஞ்சுதான் காட்டுது. அங்கேயே இருக்கட்டும். அதுக்கும் ஓர் இடம் வேணும்ல?"

இரட்டைப் பக்கப் பசைநாடா வைத்து, துளை வழியே கையை விட்டு, மினோரியே அதை உள்ளே ஒட்டினாள். ஓசை கொஞ்சம் அடங்கும் என்றார் அப்பா. "நம்ம வீட்டுக் கிட்டார் இல்லையா, சத்தமா பேசாது" என்றாள் மகள்.

அன்று சாயங்காலம் மழை வந்தது. "எவ்வளவுங்க?" என்று சுமியே கேட்டார், பழக்கத்தில். குவாபாரா சுவரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். "தெரியலை."

சுமியே எழுந்தார். பரண் மேல் இருந்த மண்சட்டியை இறக்கித் தூசி தட்டினார். ஜூன் மாதத்தில், கொட்டுகிற மழையில், நாபே கொதித்தது. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்தது. பாதிச் சாப்பாட்டில் குவாபாரா டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க," என்றார் சுமியே. ஆறு வருடத்தில் அவர் இட்ட முதல் கட்டளை அதுவென்று எனக்குத் தோன்றியது. குவாபாரா உட்கார்ந்தார்.

அக்டோபரில் கிட்டார் வாசிக்கப்பட்டது. அடங்கிய, நல்ல ஓசை. இப்போது நகோயாவில் மினோரி தன் கணவனின் ஈரத் துண்டை வெளியே விரட்டுகிறாளாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், என் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லும்வரை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நுழைவுத் தேர்வுக்குப் படித்த அந்த ஒரு வருடம் முழுக்க என் அப்பா சத்தம் வருமே என்று நூடுல்ஸை உறிஞ்சாமல் தின்றாராம். என் தம்பி டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு பேஸ்பால் பார்த்தானாம். எனக்குத் தெரியவே தெரியாது. எங்களுடையது அமைதியான வீடு என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் வீடும் அமைதியான வீடுதானே?