கட்டுப்பாட்டு அறையில் கற்பூரம்

நான் வேலை செய்யும் கட்டடத்துக்கு நானே தீ வைத்தேன் என்று இத்தாலியில், பலெர்மோத் தமிழர் மத்தியில் ஒரு கதை உலாவுகிறது. முழுப் பொய். நான் கொளுத்தியது ஒரேயொரு கற்பூரக் கட்டி. மிச்சத்தையெல்லாம் செய்தது மென்பொருள்.

2012ஆம் ஆண்டு. போர்கோ வெக்கியோச் சந்தைப் பகுதிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஓர் ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தில் நான் காவலாளி. ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் மட்டும் "கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர்". (அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லாததால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.) மனைவி கிளிநொச்சியில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். அதில் கையெழுத்து வைக்க வேண்டியவர் கட்டடத்தின் நிர்வாகி. எங்களுக்கு அவர் வெறும் சின்யோரா, அதாவது அம்மணி. கட்டடத்துக்கு வாங்கிய புதுப் பாதுகாப்பு மென்பொருளின் திறப்பு விழா நல்லபடி முடிந்தால் அன்றைக்கே வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

அதுவரை கமராவுக்கு ஒரு திரை, கதவு அட்டைகளுக்கு இன்னொரு திரை, லிஃப்டுக்கு ஒரு சிவப்பு விளக்கு. தீ எச்சரிக்கைப் பலகை நிலக்கீழ் அறையில், தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வருடம் ஒவ்வொரு கம்பனியிடம் வாங்கியிருந்தார்கள். காணிப் பிரச்சினையில் முகம் முறிந்த அண்ணன் தம்பிமார் மாதிரி ஒன்றோடொன்று கதைக்காது. மணி ஒன்று அடித்தால், அது எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் கள்ளன் கோப்பி குடித்துவிட்டே போயிருப்பான்.

புது மென்பொருளைப் பூட்ட வந்தவன் பிரபு, திருநெல்வேலிப் பொடியன். நல்ல பொறுமைசாலி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது விளக்கினான்.

"பெரிய ஏர்போர்ட்லயும் இதே கததாண்ணே. வருசா வருசம் ஒண்ணொண்ணா வாங்கிப் போட்டுட்டாங்க. ஆபத்துன்னா உக்காந்திருக்கவன் எந்த ஸ்க்ரீனப் பாப்பான்? அதான் எல்லாத்துக்கும் மேல ஒரு சாஃப்ட்வேர். என்ன நடக்குதுன்னு அதுவே காட்டும், அடுத்து என்ன செய்யணும்னு அதுவே கேக்கும். நீங்க பதில் சொன்னாப் போதும்."

பதில் சொன்னால் போதும் என்றானே, அதுதான் என்னைக் கவிழ்த்தது.

விழா அன்று காலை பிரபு கீழ் மண்டபத்தில் பெரிய திரையைப் பொருத்திக்கொண்டிருந்தான். என் திரையில் தெரிவதெல்லாம் விருந்தினருக்கும் தெரியவேண்டுமாம். எனக்கோ ஒரே கவலை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு ஒரு பூசை இல்லையா? என் மனைவியின் வருகையே இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சீருடைச் சட்டையைக் கழற்றினேன். திருநீறு பூசினேன். கணினிக்குச் சந்தனம், குங்குமம். புது வாகனத்துக்குச் சில்லின் கீழே தேசிக்காய் வைப்போம். கணினிக்குச் சில்லு இல்லை. என் கதிரைக்கு ஐந்து இருந்தன. பல்லாரோச் சந்தையில் வாங்கிய ஐந்து தேசிக்காயையும் அதற்கு வைத்தேன். சிசிலித் தேசிக்காய் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. கதிரை மேடையில் ஏறியதுபோல் நின்றது.

பிறகு கற்பூரம். புகைக் கருவி தலைக்கு மேலே இருக்கிறதே, அறிவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று வருடமாக வெள்ளி தவறாமல் அதன் கீழே சாம்பிராணி போட்டவன் நான். ஒரு நாள் கூட அது வாய் திறந்ததில்லை. செத்துப்போன கருவி என்றே நினைத்திருந்தேன்.

தட்டை இரண்டாவது சுற்றுச் சுற்றும்போது திரை முழுக்கச் சிவந்தது. "இந்த அறையில் நெருப்பு இருக்கிறதா?" என்று இத்தாலியனில் கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் அலுவலகத்தில், வருடக்கணக்காக வரிசையில் நின்றவன் நான். படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் கதை முடிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் எலும்பில் ஏறிய பாடம். தட்டைப் பார்த்தேன். நெருப்பு இருந்தது. "ஆம்" என்று அமத்தினேன்.

கதவுகளெல்லாம் தானாகத் திறந்தன. லிஃப்டுகள் கீழே போய் வாயைப் பிளந்து நின்றன. எல்லோரும் வெளியேறும்படி ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் அமைதியாகச் சொன்னது. தீயணைப்பு நிலையத்துக்கும் அழைப்புப் போனது. ஆறு மாடிச் சனமும் தெருவில் நின்று கண்ணாடி வழியே பார்க்க, மென்பொருள் தன் கடமை தவறாமல் என் அறைக் கமராவை மண்டபத்துப் பெரிய திரைக்கு அனுப்பியது. அதில் மேலாடை இல்லாமல், நெற்றி நிறைய நீற்றோடு, எரியும் தட்டை மேசைக்குக் கீழே ஒளிக்கப் பார்க்கும் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர்.

சின்யோரா படியேறி வந்தார். என்னைப் பார்த்தார். தேசிக்காய்களைப் பார்த்தார். இனி மனைவிக்கு என்ன சொல்வது என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருக்குப் பின்னால், விழாவுக்கு அழைத்திருந்த காப்புறுதிக் கம்பனிக்காரர் மூச்சு வாங்கியபடி வந்தார். எல்லாம் எத்தனை விநாடியில் நடந்தது என்று கேட்டார். பிரபு பதிவைப் பார்த்து நாற்பது என்றான். பதிவில் இன்னொன்றும் இருந்தது. நிலக்கீழ்ப் பலகையின் பழைய ஞாபகத்தையும் மென்பொருள் இழுத்து வைத்திருந்தது: மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் காலை பத்து மணிக்குப் புகை. அந்தக் கருவி சாகவே இல்லை. வாராவாரம் கத்தியிருக்கிறது, தண்ணீர்ப் பம்பிடம்.

காப்புறுதிக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். இதைவிட நல்ல செயல்விளக்கம் தேவையில்லை என்றார். இவ்வளவு தத்ரூபமான ஒத்திகையைத் தான் கண்டதில்லை, தீ வைப்பவனுக்கு வேடம் கூடப் போட்டிருக்கிறீர்களே என்று என் வயிற்றைக் காட்டிப் பாராட்டினார். சின்யோரா உடனே அவர் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் ஒத்திகையை அலட்சியமாக எடுப்பதில்லை" என்றார்.

என்னை வேலையை விட்டு அனுப்பினால் அவர் காப்புறுதிக்காரரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். ஆகவே பின்னேரமே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். மனைவி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள்.

காப்புறுதிக்காரர் மட்டும் விடவில்லை. வருடாந்த ஒத்திகையை அதே முறையில்தான் செய்யவேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு நாள் நான் சட்டையைக் கழற்றிக் கற்பூரம் கொளுத்துகிறேன், சம்பளத்தோடு.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், தகப்பன் என்ன வேலை என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அலுவலகத்துக்கு நெருப்பு வைக்கிறவர், அதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று அவள் அசல் பலெர்மோ இத்தாலியனில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டு, இது உண்மையா என்று விசாரித்தார். மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"ஓம், ஆனா வருசத்துக்கு ஒருக்காத்தான்."