லோகேஸ்வரனின் தப்புப் பட்டியல்

திருப்பதியிலேயே வீட்டு வேலைக்கு லாயக்கில்லாத புருஷன் என்று ஒரே வாரத்தில் பெயர் எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லோகேஸ்வரன் செய்த முடிவு இது.

இதற்கு ஒரு வாரம் எதற்கு, ஒரு நாள் போதாதா என்று அவனைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஆனால் அவன் இன்ஜினியர். எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வான். ஸ்ரீசிட்டியில் செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கீறல் விழுந்த சார்ஜரைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தால் மட்டும் கண்ணில் படாது. அந்தக் கண்ணைக் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வருவான் போலிருக்கிறது.

அவன் மனைவி நந்திதா ஜூனியர் காலேஜில் கெமிஸ்ட்ரி லெக்சரர். காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் அவனை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் காலை வேலை பூராவும் அவள் தலையில். சரி, பஸ்ஸோடு சண்டை போட முடியாது. சாயங்கால வேலையும் ஏன் அவள் தலையிலேயே விடிய வேண்டும்? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டாள். ஐந்து வருஷம் பதினொரு மாதம் தாமதம்.

"திங்கக்கெழமைலேர்ந்து சாயங்காலம் உங்குளுது. ஞாயித்துக்கெழமைலயும் பாதி உங்குளுது," என்றாள்.

"ஞாயித்துக்கெழமை நான் சந்திரகிரி போவணுமே!"

"வேலைய முடிச்சிட்டுப் போங்க. யாரு வேணான்னது?"

வேலையை முடித்துவிட்டு எப்படிப் போவது? சந்திரகிரிக்கு அப்பால் வற்றிக் கிடக்கும் ஏரியில், வருஷத்துக்கு ஒரு தடவை சின்ன விமானம் விடுகிறவர்கள் கூடுவார்கள். மூன்று மாதமாகத் தெர்மாகோலை அறுத்து ஒட்டி, மோட்டார் வைத்து, இறக்கைக்கு நீலப் பெயின்ட் அடித்து லோகேஸ்வரன் ஒரு விமானம் செய்து வைத்திருந்தான். முழு நாளும் வேண்டும்.

அதனால்தான் திட்டம். எல்லா வேலையையும் கெடுத்து வைத்தால் சனிக்கிழமைக்குள் நந்திதாவே கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், எங்கியாவது போங்க," என்று சொல்லிவிடுவாள். வேலை தெரியாத மாதிரி நடித்தே காலம் தள்ளுகிற ஆம்பிளைகள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அதற்கு ஷீட் போட்டுக்கொண்டு நடித்தவன் இவன் ஒருவன்தான்.

ஆமாம், ஷீட். திங்கள்: சோற்றுக்கு இரண்டு மடங்கு தண்ணீர். செவ்வாய்: ரைத்து பஜார் காய்கறிச் சந்தையில் முற்றின வெண்டைக்காய். புதன்: வெள்ளைத் துணியோடு சிவப்புத் துண்டு. வியாழன்: சாம்பாரில் உப்பு மூன்று மடங்கு. வெள்ளி: வீடு துடைக்கும்போது வாளியைக் கவிழ்ப்பது. சனி: மன்னிப்பு கேட்பது. ஞாயிறு: சந்திரகிரி, முழு நாள். மேலே 'ரிவிஷன் 0, தயாரித்தவர் லோகேஸ்வரன்' என்று போட்டான். பழக்க தோஷத்தில் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு காலிக் கட்டத்தையும் போட்டான். அதை எங்கே வைத்தான்? கேஸ் பில், ஆதார் நகல் எல்லாம் கிடக்கிற, இரண்டு பேர் போனிலும் திறக்கிற குடும்ப ஃபோல்டரில்.

திங்கட்கிழமை சோறு ஷீட்டில் உள்ளபடியே வந்தது.

"இன்னாங்க இது? துன்றதா, குடிக்கிறதா?"

"எனக்கு வரல நந்து. சமையலுக்குக் கைப்பக்குவம் வேணும்ல?"

"ஃபர்ஸ்ட் இயர் பசங்களே லேப்ல தண்ணி அளந்து ஊத்துறானுங்க. நீங்க மில்லிமீட்டர்ல பாதிய அளக்கிறவரு."

ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடித்து முடித்தாள். அடுத்த சிலிண்டர் எப்போது பதிவது என்று பார்க்கப் போனில் கேஸ் பில்லைத் தேடினாள். அதற்கு நேர் கீழே தப்புப் பட்டியல் இருந்தது. இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. விடைத்தாள் திருத்த உட்காருகிறபோது வருமே ஒரு முகம், அந்த முகத்தோடு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது லோகேஸ்வரன் ஷீட்டைத் திறந்தான். 'ரிவிஷன் 1. ரைத்து பஜார். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கவும். ஒடிந்தால் மட்டும் வாங்கவும்.'

பக்கத்து சீட்டில் ஹரிபாபு. அதே கம்பெனி, கொர்லகுண்டாவில் அதே தெரு, அதே விமானப் பைத்தியம். தமிழ் பாதி, தெலுங்கு பாதி.

"ஏமி லோகேஷு, தப்பு பண்ணப் போறேன்னு சொன்னே. இதி கரெக்டா கதா கீது?"

லோகேஸ்வரனுக்கும் ஒரு நிமிஷம் குழப்பம்தான். ஆனால் ஞாபகத்தை வைத்து வேலை செய்வது அவன் கம்பெனியில் மகா பாவம். ஞாபகம் பொய் சொல்லும், கடைசி ரிவிஷன் பொய் சொல்லாது என்று ஆபரேட்டர்களை நிற்கவைத்துப் பாடம் எடுக்கிறவனே அவன்தான்.

"தெனம் தப்பு வந்தா வேணும்னே பண்றதா தெரிஞ்சிடும்பா. நடுவுல ஒண்ணு சரியா வரணும். யோசிச்சுத்தான் போட்டுக்கீறேன்."

"நுவ்வேனா? நீயேவா போட்டே?"

"பின்ன யாரு, என் மாமனாரா?"

அன்றைக்கு வாங்கின வெண்டைக்காயில் ஒன்றுகூட முற்றல் இல்லை. தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை ரிவிஷன் 2, வெள்ளையைத் தனியாக ஊறவைத்துக் காலரைத் தேய்க்கச் சொன்னது. தேய்த்தான். அவளை முதலில் நம்பவைத்துப் பிறகு கவிழ்க்கிற தந்திரம் இது என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டான். வியாழக்கிழமை ரிவிஷன் 3, புளி எத்தனை கிராம், பருப்பு எத்தனை விசில் என்று கெமிஸ்ட்ரி லேப் குறிப்பு மாதிரி இருந்தது. தராசில் நிறுத்துப் போட்டான். சாம்பார் வாசனை மாடிப்படி வரை இறங்கியது. அவனே மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். எதிரே நந்திதா காலை நீட்டி உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு டிவி பார்த்தாள். ஆறு வருஷத்தில் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை: 'வாளியைக் கவிழ்க்காமல் துடைக்கவும். கட்டிலுக்கு அடியிலும்.' கட்டிலுக்கு அடியில் படுத்தபடியே யோசித்தான். இதில் ஏதோ பெரிய உள்நோக்கம் இருக்கிறது, தனக்குத்தான் மறந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தான். சனிக்கிழமை மன்னிப்பு கேட்பதற்குப் பதில் ஃபேன் இறக்கையைத் துடைத்தான்.

ஞாயிறு காலை ஏழரை மணி. விமானம் அட்டைப் பெட்டியில் தயார். கீழே ஹரிபாபு ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று லோகேஸ்வரன் ஷீட்டைத் திறந்தான்.

'ரிவிஷன் 6. ஞாயிறு: தண்ணி டேங்க் கழுவுவது. முழு நாள்.'

இதற்கு மட்டும் அவனால் ஒரு விளக்கமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"நந்து! யாரோ என் ஷீட்ட மாத்திட்டாங்க!"

காபி டம்ளரோடு வந்தாள். "எந்த ஷீட்டு?"

"அது... ஒரு ஷீட்டு."

"எதுக்குப் போட்டது?"

லோகேஸ்வரன் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"சொல்லுங்க, புகார் குடுக்கலாம். முதல்ல அதுல இன்னா எழுதிக்கினு இருந்ததுன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லிடுறீங்களா, நான் சொல்லவா?"

லோகேஸ்வரன் விமானப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நீ மாத்துனது தப்பு நந்து."

"வேணும்னே கஞ்சி காச்சி ஊத்துனது?"

"அது... திட்டம்."

"இது திருத்தம். நெதம் நூறு பேப்பர் திருத்துறேன், உங்குளுத வுட்டுடுவனா?"

கீழே ஹாரன். "லோகேஷு! டைம் அய்ப்போயிந்தி!"

"இப்ப ஷீட்ட மாத்தணும்னா உங்க கம்பெனில இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள், பாவம் போல.

"புது ரிவிஷன் போடணும். ரெண்டு பேரும் ஒத்துக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் ஒத்துக்காம ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது."

"போட்டுட்டேன். ரிவிஷன் ஏழு. பாருங்க, ஞாயிறு: சந்திரகிரி, முழு நாள், லோகேஸ்வரன். டேங்குக்கு ஆள் சொல்லிட்டேன். நான் ஒத்துக்கினேன். நீங்களும் 'சரி'ன்னு அழுத்துனா கெளம்பலாம்."

அந்த ஒரு வரியை லோகேஸ்வரன் மூன்று தடவை படித்தான். கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு! தடவித் தடவி அழுத்தினான். எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

விமானம் பறந்தது. முதல் வீச்சிலேயே எழும்பி, வற்றின ஏரிக்கு மேலே நீல இறக்கையைச் சாய்த்து மூன்று வட்டம் அடித்தது. நாற்பது பேர் கை தட்டினார்கள். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியது.

மத்தியானம் வேப்ப மர நிழலில் சாதத்தைப் பிரித்துக்கொண்டே, "என் பொண்டாட்டி தங்கம்பா. நீயே படிச்சிப் பாரு," என்று போனை ஹரிபாபுவிடம் நீட்டினான்.

ஹரிபாபு படித்தான். விரலால் திரையைக் கீழே இழுத்தான். இன்னும் கீழே இழுத்தான்.

"ஏம்பா, இந்த ஞாயித்துக்கெழமைக்கு மேல இன்னும் ஆறு வரி உந்தியே. பாத்தியா?"

லோகேஸ்வரன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். திங்கள் முதல் சனி வரை ஆறு சாயங்காலம். ஆறுக்கும் ஒரே பெயர், அவன் பெயர். எவ்வளவு காலத்துக்கு என்ற கட்டத்தில், 'இருவரும் ஒத்துக்கொண்டு மாற்றும் வரை' என்று இருந்தது.

அந்த இருவரில் ஒருத்தி நந்திதா.